ஓடுவதைப் பார்த்து வாங்கிய மல்டி டூல்

1. எதிர் ஃபிளாட்

விஜயதசமி அன்று காலை எட்டரை மணி இருக்கும். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஐடி ஆட்கள் வாடகைக்கு இருக்கும் ஒரு அடுக்குமாடியில், ஏழாவது மாடியில், நானும் என் கூட்டாளி மணிகண்டனும் ஒரு கிச்சன் கேபினட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். பெரிய வேலை ஒன்றும் இல்லை. பூஜையில் வைத்த டூல்ஸை எடுத்த அன்றைக்கே பேருக்கு ஒரு வெட்டாவது வெட்டிவிட வேண்டும் என்பது மணிகண்டனின் பிடிவாதம். பிளக் பாயிண்டுக்காக கேபினட்டின் பின்பலகையில் சதுரமாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது. அதைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்க்கப் போவதாகத் திட்டம். பெட்டியை இன்னும் திறக்கவில்லை.

எதிர் ஃபிளாட்டுப் பெண் அனிதா ஓடி வந்தாள். நாகர்கோவில்காரி, இங்கே ஐடி பார்க்கில் வேலை. கணவன் அந்த வாரம் பெங்களூரில் இருந்தான். பட்டுச்சேலை கட்டி, தலை ஈரம் காயாமல் நின்றாள்.

"அண்ணே, பையன் பாத்ரூமுக்குள்ள போயி கொண்டியப் போட்டுட்டான். தொறக்கத் தெரியல அவனுக்கு. அறுக்கதுக்கு ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க."

பையன் பெயர் அப்பு. மூன்று வயது முடியவில்லை. மூன்று வாரமாக நாங்கள் எதிர் வீட்டில் போட்ட சத்தத்தில் பழகி, என்னை 'டர்ர் மாமா' என்று கூப்பிடுவான். அன்றைக்கு அவனுக்கு ஏடு தொடங்க, அதாவது கையைப் பிடித்து முதல் எழுத்து எழுதவைக்க, கோயிலுக்குக் கூட்டிப்போக இருந்தார்கள். அம்மா சேலை கட்டிய நேரத்தில் இவன் பாத்ரூமுக்குள் புகுந்து, பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, தாழ்ப்பாள் கொண்டியைத் தள்ளிவிட்டான். தள்ளியது சுலபமாகப் போய்விட்டது. திரும்ப இழுக்க வரவில்லை.

இந்த மாதிரி வேலை எனக்குப் புதிதில்லை. முப்பது வருடத்தில் எத்தனையோ பூட்டிய கதவுகளைத் திறந்திருக்கிறேன். "பேடிக்காத பிள்ளே, அஞ்சு நிமிஷம்" என்று தைரியம் சொல்லிக்கொண்டே போனேன். கதவின் முன்னால் போன பிறகுதான் அவள் அடுத்த விஷயத்தைச் சொன்னாள்.

"காலைல கக்கூஸ் கழுவிட்டு அந்த நீல பாட்டில அங்கயே வச்சிட்டேன். உள்ள போனவொடனே அது விழுந்த சத்தம் கேட்டுது. 'அம்மா, நீலத் தண்ணி'ன்னு சொன்னான். மூடி சரியா போட்டேனான்னு எனக்கு ஓர்மையில்ல அண்ணே. கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் பக்கெட்டு மேல ஏத்தி நிறுத்தியிருக்கேன்."

கக்கூஸ் கழுவும் அந்த மருந்து ஆசிட்தான். கையில் பட்டாலே எரியும். வாயில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. செக்யூரிட்டிக்காரர் ஃபயர் ஃபோர்ஸுக்கு போன் செய்திருந்தார். கிளம்பிவிட்டார்கள். ஆனால் ஊரெல்லாம் பிள்ளைகளை ஏடு தொடங்கக் கூட்டிப்போகும் நேரம், பைபாஸில் வண்டி நகரவில்லை.

கதவைப் பார்த்தேன். டபிள்யூபிசி கதவு, அதாவது பிளாஸ்டிக்கும் மரத்தூளும் சேர்த்து அச்சடித்த பலகை. கனம் முப்பது மில்லி. உள்பக்கமாகத் திறப்பது. அதனால் கீல் உள்ளே, கொண்டி உள்ளே, வெளியே பிடிக்க ஒரு ஸ்க்ரூகூட இல்லை. மிதித்துத் திறக்கலாம் என்றால், கதவை ஒட்டி பக்கெட்டின் மேல் பிள்ளை நிற்கிறான்.

"மணிகண்டா, மல்டி டூல எடு" என்றேன்.

அந்த மல்டி டூலை வாங்கியதைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

2. ஆரியசாலையில் வாங்கியது

இளைய தொழிலாளிகளுக்காக இதை எழுதுகிறேன் என்பதால் டூலைப் பற்றி இரண்டு வரி. ஆசிலேட்டிங் மல்டி டூலில் பிளேடு சுற்றாது, முன்பின் போகாது. இடதும் வலதுமாக நூலிழை அளவுக்கு அதிரும், அவ்வளவுதான். அதனால்தான் ஒரு பலகையின் நட்ட நடுவில், முன்கூட்டி டிரில் போடாமல், நேராகப் பிளேடை இறக்கி அறுக்க முடிகிறது. கிரைண்டரும் ஜிக்சாவும் போக முடியாத மூலைக்கு இது போகும். வயர் இல்லாத, பேட்டரி போட்ட மாடல் வந்த பிறகு ஃபிளாட் வேலைக்காரர்கள் இது இல்லாமல் படியிறங்குவதில்லை.

எங்களிடம் இருந்தது வயர் வைத்த பழையது. அதன் மோட்டார் கருகியதும், ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்னால், ஆரியசாலையில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இரண்டு மாடலை எடுத்து கவுண்டரில் வைத்தார்.

ஒன்று, முதுகில் ஸ்லைடு சுவிட்ச் வைத்தது. கட்டைவிரலால் முன்னால் தள்ளினால் ஓடும், பின்னால் இழுத்தால் நிற்கும். மற்றது, அடியில் லீவர் வைத்தது. கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் ஓடும், விட்டால் நின்றுவிடும்.

மணிகண்டனுக்கு இரண்டாவதைப் பிடித்துவிட்டது. அவனுக்கு நாற்பது வயது, என்னைவிட பதினேழு வயது இளையவன், பாறசாலைக்காரன். என்னோடு பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறான். அதில் பதினொரு வருடம் நான் சொன்னதுதான் நடந்தது.

"இத எடுப்போம் அண்ணே. விட்டா நிக்கும் கேட்டியளா. நம்ம டிரில்லோட பேட்டரியும் இதுல சேரும்."

"நாள் முழுக்க அத அமுக்கிப் பிடிச்சா விரலு மரத்துப்போகும்டே. நீயா அமுக்குவ?"

"நான் அமுக்குதேன்."

"ஆமா, நீ அமுக்குவ. அப்புறம் சாயங்காலம் வந்து, அண்ணே விரலு நீட்ட முடியலன்னு சொல்லுவ."

அண்ணாச்சி சிரித்தார். ஒரு துண்டு பலகையை எடுத்து வைத்து, ஸ்லைடு சுவிட்ச் மாடலை ஓட்டிக் காட்டினார். வெண்ணெயில் கத்தி போன மாதிரி இறங்கியது. நான் வாங்கிப் பார்த்தேன். லேசாக இருந்தது, அதிர்வு குறைவு, சத்தமும் பரவாயில்லை. நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் அதிர்வு என்று டப்பாவில் இருந்ததைப் படித்துக்காட்டி மணிகண்டனை ஒரு பார்வை பார்த்தேன். கோப்பை ஜெயித்தவன் பார்வை.

"நிறுத்திப் பாத்து வாங்குங்க" என்றார் அண்ணாச்சி.

"நிறுத்துகதுல என்னவே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பேக் பண்ணச் சொன்னேன்.

அப்படித்தான் நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். ஓடுவதை மட்டும் பார்த்தேன். கையில் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சிதான் கையை நீட்டி சுவிட்சை இழுத்தார். கடையில் நான் ஒரு தடவைகூட நிறுத்திப் பார்க்கவில்லை.

அடுத்த சில நாள் இரண்டு ஜன்னல் ஃபிரேம் அறுத்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. மணிகண்டனிடம் தினமும் ஒரு தடவை "எப்படி?" என்று கேட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பினேன்.

அஷ்டமி அன்று சாயங்காலம் டூல்ஸ் எல்லாம் அவன் வீட்டுக்குப் போயின. நான் வேதக்காரன், கிறிஸ்தவன். என் வீட்டில் பூஜை கிடையாது. ஆனால் ஒரே பெட்டியில் இரண்டு பேர் சாமான் கிடக்கும்போது, இது உன் உளி, இது என் உளி என்று பிரிக்கவா முடியும்? வருடாவருடம் என் சாமானும் அவன் வீட்டில்தான் பூஜைக்கு இருக்கும். விஜயதசமி காலை எடுக்கும்வரை இரண்டு பேரும் எதையும் தொடமாட்டோம். ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பான். அந்த வருடம் புதுசாக வந்தது இது. அதனால் கொஞ்சம் அதிகமாகவே வைத்தான். கைப்பிடி முழுக்க ரப்பர், அதில் சந்தனம் ஒட்டவில்லை. வழவழப்பாக இருந்த இடம் சுவிட்ச் ஒன்றுதான். அதன் மேல் கட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டான். துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அவன் வீட்டு வழக்கம்.

இரண்டு இரவு, ஒரு முழுப் பகல். சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி ஆகியிருந்தது.

3. "நீ இந்தக் கதவ விட்டுப் போ"

பிளேடை மாட்டிக்கொண்டே யோசித்தேன். கொண்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜன்னல் அறுத்தால், அது வழியாகக் கையை விட்டு கொண்டியை இழுத்துவிடலாம். பிரச்சினை என்னவென்றால், பக்கெட்டின் மேல் நிற்கிறவனுடைய முகம் சரியாக அந்த உயரத்தில் இருந்தது.

"மேல அறுத்துக் கைய எறக்கினா என்னண்ணே?" என்று மணிகண்டன் கேட்டான்.

"தோளு வரைக்கும் கை போகணும். அவ்வளவு பெரிய ஓட்டைக்கு எங்க நேரம்? துண்டு அவன் தலையிலல்லா விழும்."

அனிதா தரையில் உட்கார்ந்து, கதவில் கன்னத்தை வைத்து மகனோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே கதவைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அம்மா குரல் எங்கே கேட்கிறதோ அங்கேதான் பிள்ளை நிற்பான். பாத்ரூமின் வென்டிலேட்டர் பின்பக்கம் துணி காயப்போடும் பால்கனியில் திறந்தது. இவள் அங்கே போய்க் கூப்பிட்டால் அவன் அந்தப் பக்கம் போவான், நான் இங்கே நிம்மதியாக அறுக்கலாம். எனக்கு அது ரொம்பச் சரியான யோசனையாகப் பட்டது.

"பிள்ளே, நீ எந்திச்சி அந்தப் பக்கம் போயிக் கூப்பிடு. அவன் இங்க நின்னா என்னால அறுக்க முடியாது."

"முடியாது அண்ணே. இவன் பக்கெட்ட விட்டு எறங்கினா பாட்டில்கிட்டதான் போவான். அது வென்டிலேட்டர் அடியிலதான் கெடக்கு."

"மூடி தொறந்திருக்கா இல்லையான்னே உனக்குத் தெரியாது. பிளேடு வருகது உறுதியல்லா?"

"தெரியாது, அதுக்குத்தான் சொல்லுதேன். நான் எந்திக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை செய்யும் இடத்தில் நான் சொன்னால் வீட்டுக்காரர் ஒதுங்கி நிற்க வேண்டும். அதுதான் என் சட்டம். "நீ இந்தக் கதவ விட்டுப் போ. இல்லேன்னா நான் பெட்டியக் கெட்டிட்டுப் போறேன்" என்று அதட்டினேன். பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்ட ஒருத்தியிடம் அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தபடியே, "போறதுன்னா போங்க. டூல வச்சிட்டுப் போங்க" என்றாள்.

மணிகண்டன் என் தோளைத் தொட்டான். நான் மண்டியிட்டேன்.

அறுத்த துண்டு உள்ளே விழாமல் இருக்க, நடுவில் ஒரு குட்டை ஸ்க்ரூவைப் பாதி ஏற்றி, அதை மணிகண்டன் கட்டிங் பிளேயரால் பிடித்துக்கொண்டான். பிளேடில் முப்பது மில்லி அளந்து இன்சுலேஷன் டேப் சுற்றினேன். டேப் கதவில் தொட்டால் பிளேடின் நுனி அந்தப் பக்கம் எட்டிப்பார்த்திருக்கும், அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்து வைத்தேன். சுவிட்சைத் தள்ளினேன். நகரவில்லை. சந்தனம் இறுகியிருந்தது. அவசரத்தில் நான் யோசிக்கவில்லை. கட்டைவிரலை ஊன்றி ஒரே தள்ளு. டக்கென்று போனது, டூல் ஓடியது.

பிளேடு நன்றாக இறங்கியது. வெள்ளைத் தூள் கொட்டியது. டேப் கதவைத் தொட்டது. அந்தச் சத்தத்துக்குள் அனிதாவின் குரலும், அதற்குப் பதிலாக உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரலும் கேட்டன.

"அம்மா, பூச்சி."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிளேடின் நுனி அந்தப் பக்கம் வந்து, ஆடிக்கொண்டிருக்கிறது. பளபளவென்று இருக்கும். பிள்ளை அதைப் பார்க்கிறான்.

"பூச்சி வருது. பிடிக்கட்டா?"

சுவிட்சைப் பின்னால் இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். நான் முன்னால் தள்ளியபோது உடைந்த சந்தனக் கட்டிகள் சுவிட்சுக்குப் பின்னால், அது நகரும் பள்ளமான காடியில் விழுந்து நிறைந்துவிட்டன. நகம் பெயர்கிற மாதிரி இழுத்தும் அசையவில்லை. டூல் ஓடுகிறது, பிளேடு உள்ளே இருக்கிறது, அந்தப் பக்கம் ஒரு பிள்ளையின் விரல் அதை நோக்கி வருகிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

இரண்டு கையாலும் டூலைப் பிடித்து அப்படியே பின்னால் பிடுங்கினேன். கதவின் வெட்டில் இறுகியிருந்த பிளேடு சட்டென்று விடுபட்டுத் துள்ளியது. முன்னால் தாங்கிப் பிடித்திருந்த என் இடது கையின் பெருவிரல் அடியில் ஓடியது. வலி தெரியவில்லை. சூடாக இருந்தது. மணிகண்டன் பாய்ந்து பேட்டரியை உருவினான். சத்தம் நின்றது.

"அப்பு, கைய காட்டு. பூச்சி கடிச்சிதா?" அனிதாவின் குரல் நடுங்கவில்லை. எப்படி நடுங்காமல் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"ஓடிப்போச்சு" என்றான் அவன், ஏமாற்றமாக.

4. சேஃப்டி பின்

மணிகண்டன் டூலைத் திருப்பிப் பார்த்தான். சுவிட்சின் காடியில் மஞ்சளும் சிவப்புமாக அடைத்திருந்ததைக் கண்டதும் அவன் முகம் செத்துப்போனது.

"நான் வச்சதாக்கும் அண்ணே."

"நீ வச்சே. நான் துடைக்காம தள்ளினேன். அத இப்ப பேசாண்டாம். குத்தி எடு."

குத்தி எடுக்க ஸ்க்ரூ டிரைவர் போகாத காடி. அனிதா தோளிலிருந்து சேலையின் சேஃப்டி பின்னைக் கழற்றி, எங்களைப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். மணிகண்டன் அதை நிமிர்த்திக் குத்திக் குத்தி எடுத்தான். நான் சட்டையைக் கழற்றி கையில் சுற்றினேன். அந்த இரண்டு மூன்று நிமிடமும் அவள் மகனிடம் யானை கதை ஏதோ சொன்னாள். நடுவில் அவன் ஒரு தடவை, "அம்மா, மூக்கு எரியுது" என்றான். மணிகண்டன் இன்னும் வேகமாகக் குத்தினான்.

சுவிட்ச் நகர்ந்தது. ஆனால் அதை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. "நீ அறு. நான் பேட்டரி பட்டன்ல விரல வச்சிருக்கேன். பிள்ள சத்தம் குடுத்தா உருவிடுவேன்" என்று மணிகண்டனிடம் சொன்னேன். அது நிறுத்துவதற்கு வழி. பிள்ளையின் கையைப் பிளேடுக்கு வராமல் தடுக்க என்ன வழி? நான் அவளைப் பார்த்தேன். மறுபடியும் போகச் சொல்ல வாய் வரவில்லை.

அவளே அவனைக் கண்ணாமூச்சி விளையாடச் சொன்னாள். "அப்பு, ஒளிச்சுக் களி. நீ அங்கயே நில்லு, அனங்காத. ரெண்டு கையாலயும் கண்ணப் பொத்திக்கோ. அம்மா எண்ணுகது வரைக்கும் எடுக்கப்பிடாது. பொத்தியாச்சா?"

"பொத்தியாச்சு."

"ரெண்டு கையுமா?"

"ரெண்டு கையும்."

"ஒண்ணு."

அவள் ஒரு கையால் பிளேயரைப் பிடித்துக்கொள்ள, மணிகண்டன் சுவிட்சைத் தள்ளினான். அவள் சத்தத்துக்கு மேலே கத்தி எண்ணினாள். முதல் பக்கம் முடிந்து இரண்டாவது பக்கம் இறங்கியது. பதினைந்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "அப்பு, நீ பாக்குற. அம்மா முதல்ல இருந்து எண்ணுவேன்" என்றாள். நான் பேட்டரி பட்டனைப் பாதி அழுத்தியே வைத்திருந்தேன். சுற்றிய சட்டை நனைந்து சொட்டியது. மூன்றாவது பக்கம். கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறவன் கால் தவறி விழுந்தால் என்ன என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

நான்காவது பக்கம் அறுந்ததும் மணிகண்டன் டூலை நிறுத்தி, பிளேயரை வாங்கித் துண்டை வெளியே இழுத்தான். உள்ளேயிருந்து மூக்கைத் துளைக்கும் நெடி வந்தது.

என் இடது கை முழுக்க ரத்தம். என் வலது கையும் மணிகண்டனின் கையும் அந்த ஓட்டைக்குப் பெரிது. அனிதா வளையல்களைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையை விட்டாள். உடனே பிள்ளை இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அதுவரை நடுங்காத குரல் அப்போது உடைந்தது. "விடு மக்களே, அம்மாவ விடு, கொண்டிய எடுக்கணும்" என்று அழுதுகொண்டே சொன்னாள். அவன் விடவில்லை. கடைசியில் அவன் பிடித்த பிடியோடேயே கொண்டியை எட்டி, உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பின்னால் தள்ளினாள்.

கதவு உள்பக்கம் திறப்பது. ஒரேயடியாகத் தள்ளினால் பக்கெட் சரியும். அவள் ஓட்டை வழியாக அவன் சட்டையைப் பிடித்துக்கொள்ள, மணிகண்டன் விரல் விரலாகக் கதவைத் தள்ளினான். கை நுழையும் இடம் கிடைத்ததும் நான் வலது கையை விட்டு அவனை இடுப்போடு சேர்த்துத் தூக்கி வெளியே எடுத்தேன்.

5. தரை

அப்பு அம்மாவின் தோளுக்குப் போன பிறகு நான் பாத்ரூமுக்குள் பார்த்தேன்.

பாட்டில் வென்டிலேட்டர் அடியில் கவிழ்ந்து கிடந்தது. மூடி வேறெங்கோ கிடந்தது. நீல மருந்து தரை முழுக்கப் பரவி, ஓடி வந்து, கவிழ்த்த பக்கெட்டைச் சுற்றி வளைத்திருந்தது. பக்கெட்டின் மேல் மட்டும்தான் காய்ந்த இடம். கதவிலிருந்து வென்டிலேட்டர் வரை பிள்ளை கால் வைக்க ஒரு சாண் தரை இல்லை.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் போனதால் என்று மணிகண்டன் நினைத்தான். அதனால் இல்லை.

ஃபயர் ஃபோர்ஸ்காரர்கள் வந்து ஜன்னலைத் திறந்து தண்ணீர் அடித்தார்கள். எங்களை அவர்கள்தான் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். அப்புவுக்கு ஒன்றுமில்லை. நெடியில் கண் சிவந்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு ஏழு தையல். பெருவிரல் முன்போல மடங்க மூன்று மாதம் ஆனது.

காஷுவாலிட்டிக்கு வெளியே அவளிடம் போய், "நான் ஒன்ன அதட்டினேன் பிள்ளே. மனசுல வச்சுக்காத" என்றேன். அவள் மடியில் தூங்கிய மகனின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"நீங்க பயந்துட்டீங்க அண்ணே. நானும் பயந்துட்டுதான் இருந்தேன்" என்றாள். பிறகு, "ஏடு அடுத்த வருஷம் தொடங்கிக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

6. கேட்கிறவர்களுக்கு

கை சரியானதும் ஆரியசாலைக்குப் போய் லீவர் மாடலை வாங்கினேன். அண்ணாச்சி பேட்டரியை மாட்டிக் கொடுத்தார். நான்தான் அரை மணி நேரம் கவுண்டரில் நின்று அதை ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். விரல் மரத்துப்போவது உண்மைதான். மரத்தால் டீ குடிக்கப் போகிறோம்.

மல்டி டூல் எது வாங்கலாம் என்று பையன்கள் போனில் கேட்கிறார்கள். சொல்கிறேன். கையில் இருக்கும் பேட்டரி சேருமா பாருங்கள். பிளேடு நம் ஊர்க் கடையில் கிடைக்குமா பாருங்கள். வேகத்தைக் குறைக்க முடிய வேண்டும். பாக்ஸில் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கை நம்பி வாங்காதீர்கள். ஓட்டிப் பார்ப்பதைப் போல நாலு மடங்கு நிறுத்திப் பாருங்கள், தூசி அடைத்த கையோடு, ஈரக் கையோடு, இடது கையோடு. ஸ்லைடு சுவிட்சே மோசம் என்று சொல்லமாட்டேன். அதைச் சுத்தமாக வைத்து நன்றாக வேலை செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் தப்பு.

இவ்வளவும் போனில் சொல்லிவிடுவேன். இன்னொன்றை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன். டூலை மாற்றிவிட்டேன், அது ஒரு நாள் வேலை. ஆனால் அந்தக் காலையில் முப்பது வருட அனுபவத்தோடு, கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல், ஒரு தாயைக் கதவை விட்டுப் போகச் சொன்னேன். அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை பக்கெட்டை விட்டு இறங்கி, அம்மா குரல் வரும் திசையில் நடந்திருப்பான்.